வடிகாலில் தீர்மானமாகும் வேதியியல்: தோல் பதனிடும் கழிவுநீரிலிருந்து குரோமியத்தை வீழ்படிவாக்கி மீட்டல்

1. முன்னுரை

குரோமியத்தால் பதனிட்ட தோலை டிரம்மிலிருந்து இறக்கும்போது கூடவே வடிகிற நீர் அடர்ந்த நீலப்பச்சையாக இருக்கும். தோல் நாரையும் கொழுப்பையும் சல்லடையில் பிடித்துவிட்டு, மிச்ச நீரை வடிதாளில் ஊற்றிப் பார்த்தால், நிறம் குறையாமல் அப்படியே கீழே இறங்கும். இரவு முழுக்க அசையாமல் வைத்திருந்தாலும் பச்சை நிறம் அடியில் தங்காது. ஏனென்றால் உலோகம் அந்த நீரில் கரைந்திருக்கிறது. கரைந்த பொருளை வடிகட்டவும் முடியாது, தெளியவைத்து இறுக்கவும் முடியாது. முதலில் அதைக் கரையாத பொருளாக மாற்ற வேண்டும். அப்படி மாற்றி, திண்மமாக அடியில் இறங்கச் செய்வதே வேதி வீழ்படிவாக்கல்.

மின்முலாம் பட்டறை, சுரங்கம், மின்சுற்றுப் பலகைத் தொழிற்சாலை, தோல் தொழிற்சாலை என்று கரைந்த உலோகம் வெளியேறும் இடங்களிலெல்லாம் மிகப் பரவலாகக் கையாளப்படும் முறை இது. இக்கட்டுரை பாலாற்றங்கரையின் தோல் தொழிலை நேர்வாக எடுத்துக்கொள்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் வாழ்வும் நீரும் இந்த வேதியியலோடு நேரடியாகப் பிணைந்திருப்பதே அதற்குக் காரணம்.

இக்கட்டுரையின் கருதுகோள் இது: வீழ்படிவாக்கல் உலோகத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. எந்த நீரில், எந்தக் காரத்தைக் கொண்டு வீழ்த்துகிறோம் என்பதைப் பொறுத்தே அந்த உலோகம் மூலப்பொருளாக டிரம்முக்குத் திரும்புகிறது, அல்லது நச்சுச் சேறாக ஊர் ஓரத்தில் குவிகிறது. இந்த முடிவு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேருமுன்பே, டிரம்முக்கு அடியில் ஓடும் வடிகாலில் தீர்மானமாகிவிடுகிறது.

2. சிக்கலின் பின்புலம்

2.1 ஆவாரம்பட்டையிலிருந்து குரோமியத்துக்கு

தமிழ்நாட்டில் தோல் பதனிடுதல் நெடுங்காலம் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பி நடந்த தொழில். பட்டைச் சாற்றில் தோல் பதமாகப் பல நாட்கள், சில வேளை வாரங்கள் பிடிக்கும். சீதாராமையா குழு 1972-இல் அளித்த பரிந்துரைகளைத் தொடர்ந்து, பதனிடாத தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. முழுமையாக்கிய தோலும் காலணியும் ஏற்றுமதியாக வேண்டும் என்ற நிலை உருவானது. வேகமாகப் பதமாக்கும், வெப்பம் தாங்கும் தோலைத் தரும் குரோமிய முறை பாலாற்றுப் படுகையில் வேரூன்றியது.

2.2 தீர்ப்பும் விதிகளும்

தோல் தொழிலின் இந்த வளர்ச்சிக்கான விலையை நிலமும் கிணறும் கொடுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வழங்கியது. அந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர்செய்யத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வுத் தகவல் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன்பே காக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. நிலம் கெட்டதற்குக் குரோமியம் மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. பச்சைத்தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பின் பங்கு அதில் மிகப் பெரிது. இக்கட்டுரையின் 9-ஆம் பகுதி அதைத் தொடுகிறது.

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின்படி, நீர்நிலையில் விடும் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமையும், ஆறிணைதிறன் குரோமியம் 0.1 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. டிரம்மிலிருந்து வடியும் குரோமியக் கழிவுநீரில் இருப்பதோ லிட்டருக்கு 2,000 முதல் 5,000 மில்லிகிராம் வரை. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2003-இல் வெளியிட்ட பொறுப்புடைமைச் சாசனம், குரோமியத்தால் பதனிடும் தொழிற்சாலைகள் தனியாகவோ கூட்டாகவோ குரோமிய மீட்பு அமைப்பு வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது.

3. அடிப்படை வேதியியல்

3.1 கரைதிறன் பெருக்கம்

உலோக அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் நீரில் சேர்ந்திருக்க ஓர் எல்லை உண்டு. இரண்டின் செறிவுகளையும் உரிய அடுக்குகளோடு பெருக்கி வரும் எண், அந்த உலோகத்துக்கே உரிய மாறிலியைத் தாண்டினால், மிகுதி வீழ்படிவாக வெளியேறும். அந்த மாறிலிதான் கரைதிறன் பெருக்கம். இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. உலோகத்தின் செறிவை நாம் நேரடியாகக் குறைக்கத் தேவையில்லை. ஹைட்ராக்சைடைக் கூட்டினால், அதாவது பி.எச். அளவை உயர்த்தினால், உலோகம் தானே இறங்கும்.

நிக்கலை எடுத்துக்கொள்வோம். நிக்கல் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் ஏறத்தாழ 5.5 × 10⁻¹⁶. பி.எச். 8-இல் கணக்கிட்டால் லிட்டருக்கு 32 மில்லிகிராம் நிக்கல் கரைசலிலேயே நிற்கும். பி.எச். 9-இல் அது 0.32 மில்லிகிராமாகிறது, பி.எச். 10-இல் 0.003 மில்லிகிராம். ஈரிணைதிறன் உலோகத்துக்கு ஒரு பி.எச். படி ஏறினால் கரைதிறன் நூறில் ஒரு பங்காகிறது. குரோமியம் போன்ற மூவிணைதிறன் உலோகத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. குரோமியம் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் 10⁻³¹ என்ற அளவில் இருப்பதால், நடுநிலையை ஒட்டிய பி.எச். அளவிலேயே குரோமியம் இறங்கத் தயாராக இருக்கிறது.

3.2 ஈரியல்பு: ஏறினால் மீண்டும் கரையும்

இந்தக் கணக்கை மட்டும் நம்பி காரத்தைக் கொட்டிக்கொண்டே போனால் ஏமாற்றமே மிஞ்சும். குரோமியம், துத்தநாகம், ஈயம் ஆகியவற்றின் ஹைட்ராக்சைடுகள் ஈரியல்பு உடையவை. அமிலத்திலும் கரையும், மிகுதியான காரத்திலும் கரையும். பள்ளி ஆய்வகத்தில் குரோமியம் உப்புக் கரைசலில் எரிசோடாவைத் துளித்துளியாக விட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். முதலில் சாம்பல் பச்சையாகக் கூழ் திரளும். மேலும் விட்டால் அந்தக் கூழ் மறைந்து, தெளிந்த பச்சைக் கரைசல் திரும்பி வந்துவிடும்.

ஆகவே ஒவ்வோர் உலோகத்துக்கும் கரைதிறன் மிகக் குறைந்த ஒரு பள்ளம் இருக்கிறது. குரோமியத்துக்கு அது பி.எச். 7.5 முதல் 9 வரை. செம்புக்கு 9-ஐ ஒட்டி, துத்தநாகத்துக்கு 9-ஐச் சற்றுத் தாண்டி, நிக்கலுக்கு 10-ஐத் தாண்டி, காட்மியத்துக்கு 11-ஐ ஒட்டி. குரோமியமும் நிக்கலும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டால் இரண்டுக்கும் ஒருசேர உகந்த பி.எச். கிடையாது. ஒன்றை முழுதாக இறக்கினால் மற்றது கொஞ்சம் தங்கும். மின்முலாம் பட்டறைகளில் ஓடைகளைப் பிரித்து வைக்கச் சொல்வதன் முதல் காரணம் இதுவே.

3.3 குரோமியத்தின் இரு முகங்கள்

மேலே சொன்னதெல்லாம் மூவிணைதிறன் குரோமியத்துக்கே பொருந்தும். ஆறிணைதிறன் குரோமியம் நீரில் குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாக இருக்கிறது. ஹைட்ராக்சைடும் எதிர்மின் உடையது. எனவே எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் குரோமேட் இறங்காது. அதே குரோமேட் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது, நிலத்தடியில் நீரோடு வெகுதூரம் ஓடக் கூடியது. ராணிப்பேட்டையில் குரோமேட் உப்புகள் தயாரித்து 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஓர் ஆலையின் வளாகத்தில் ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு கிடந்தது. சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீர் மஞ்சள் பாரித்தது அதன் விளைவு.

குரோமேட்டை வீழ்த்த இரண்டு படிகள் தேவை. முதலில் பி.எச். அளவை 2-க்கும் 3-க்கும் இடையே இறக்கி, ஒடுக்கியைச் சேர்த்து, மூவிணைதிறனாக மாற்ற வேண்டும். மஞ்சளோ ஆரஞ்சோ இருந்த நீர் பச்சையாக மாறும். அதன்பின் காரம் சேர்த்து வீழ்த்த வேண்டும். ஒடுக்கியைத் தேர்ந்தெடுப்பதிலும் சேற்றின் கணக்கு அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ குரோமியத்துக்கு சோடியம் மெட்டாபைசல்ஃபைட் 2.74 கிலோ போதும். வெளிவரும் உலர்ந்த வீழ்படிவு ஏறத்தாழ 2 கிலோ. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கும் ஃபெரஸ் சல்பேட்டைக் கொண்டு அதே வேலையைச் செய்தால் 16 கிலோ வேண்டும். இரும்பும் சேர்ந்து வீழ்வதால் உலர்ந்த வீழ்படிவு 8 கிலோவைத் தாண்டும். வாங்கும்போது மலிவாகத் தெரிவது, சேற்றை அகற்றும் நாளில் மலிவாக இருப்பதில்லை.

4. வீழ்படிவாக்கிகள்: ஓர் ஒப்பீடு

4.1 சுண்ணாம்பு

எங்கும் கிடைக்கும், விலை குறைவு, திரள் நன்றாகப் படியும். ஆனால் குரோமியப் பதனிடு நீரில் சல்பேட் மிகுதி. சுண்ணாம்பின் கால்சியம் சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகிறது. ஜிப்சம் லிட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிராம்தான் கரையும். மிச்சம் குரோமியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். பின்னால் கந்தக அமிலம் ஊற்றிக் குரோமியத்தைக் கரைத்தாலும் ஜிப்சம் கரையாமல் கூடவே நிற்கும். சுண்ணாம்பால் வீழ்த்திய குரோமியம் மீட்புக்கு அரிதாகவே உதவும்.

4.2 எரிசோடா

வினை உடனடியானது, ஜிப்சம் சேராது. ஆனால் கை சற்றுத் தவறினால் பி.எச். 8-லிருந்து 11-க்குத் தாவிவிடும், 3.2-இல் கண்டபடி குரோமியம் மீண்டும் கரையத் தொடங்கும். சட்டென்று உருவாகும் வீழ்படிவு கஞ்சி போல் நீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், எளிதில் இறங்காது. நேர்த்தியான தானியங்கிக் கட்டுப்பாடு உள்ள இடத்துக்கே ஏற்றது.

4.3 மக்னீசியம் ஆக்சைடு

சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் குரோமிய மீட்புக்குப் பரவலாக்கிய பொருள் இது. 1948-இல் தொடங்கிய அந்நிறுவனம் இந்தத் தொழிலுக்குச் செய்த உதவிகளில் இதற்குத் தனியிடம் உண்டு. இதன் சிறப்பு மூன்று.

முதலாவது, இது தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் காரம். நீரில் மிகக் குறைவாகவே கரைவதால், கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும் பி.எச். 10-ஐ ஒட்டி நின்றுவிடும். அளவு தவறினாலும் குரோமியம் பெருமளவு திரும்பக் கரைவதில்லை.

இரண்டாவது, மெதுவாகக் கரைவதால் வீழ்படிவு பொறுமையாக வளர்கிறது. கஞ்சியாக நில்லாமல் மணல்போல் இறுகிப் படிகிறது. ஓர் இரவில் மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும்.

மூன்றாவது, மக்னீசியம் சல்பேட் நீரில் நன்கு கரையும். ஆகவே வீழ்படிவில் ஜிப்சம் போன்ற கலப்பு சேராது. மேல்நீரை இறுத்தால் அதோடு மக்னீசியமும் போய்விடும்.

விலை கூடுதல்தான். ஆனால் ஒரு கிலோ மக்னீசியம் ஆக்சைடு நடுநிலையாக்கும் அமிலத்தை நடுநிலையாக்க எரிசோடா ஏறக்குறைய 2 கிலோ, நீற்றிய சுண்ணாம்பு 1.84 கிலோ வேண்டும். கிலோ விலையை மட்டும் ஒப்பிடுவது தவறான கணக்கு.

4.4 சல்ஃபைடு

செம்பு, காட்மியம், பாதரசம் போன்றவற்றின் சல்ஃபைடுகள் ஹைட்ராக்சைடுகளைவிடப் பல மடங்கு கரையாதவை. மிக நுண்ணிய அளவுக்கு இறக்க வேண்டிய இடத்தில் இந்த முறைக்கு ஈடில்லை. குரோமியத்துக்கு இது பயன்படாது. நீரில் மூவிணைதிறன் குரோமியம் சல்ஃபைடாக நிலைக்காமல் ஹைட்ராக்சைடாகவே இறங்கும்.

தோல் தொழிற்சாலையில் சல்ஃபைடு வேறு வடிவில், எச்சரிக்கையாக வருகிறது. முடி நீக்கும் சுண்ணாம்புக் கட்டத்தில் சோடியம் சல்ஃபைடு பயன்படுகிறது. அந்தக் காரநீரும், பி.எச். 4-ஐ ஒட்டிய அமிலக் குரோமிய நீரும் ஒரே வடிகாலில் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழும். பி.எச். 7-க்கு இறங்கும்போதே கரைந்த சல்ஃபைடில் பாதி வாயு வடிவத்துக்கு மாறிவிடுகிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். செறிவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று குழிக்குள் இறங்குபவர் திரும்பி வருவதில்லை. ஓடைகளைப் பிரித்து வைப்பது குரோமியத்தைக் காப்பதற்கு முன்பே மனித உயிரைக் காக்கிறது.

5. சோதனைக் குவளையும் மீட்புத் தொட்டியும்

5.1 குவளைச் சோதனை

எவ்வளவு காரம், எந்த பி.எச். என்பதை நூலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அன்றன்றைய நீரைக் கேட்டே அறிய வேண்டும். ஒரு லிட்டர்க் குவளைகள் ஆறு வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துடுப்பு. முதல் குவளையில் பி.எச். 7, கடைசியில் 9.5 என்று படிப்படியாகக் காரம் சேர்க்கப்படும். நிமிடத்துக்கு 100 சுற்று வீதம் ஒரு நிமிடம் வேகமாகக் கலக்க வேண்டும். பிறகு துடுப்பு மெதுவாக, 20 முதல் 30 சுற்று, கால் மணி நேரம்.

அந்தக் கால் மணி நேரத்தை விளக்கொளியில் குனிந்து பார்க்க வேண்டும். முதலில் நீர் முழுக்கப் புகை போல் மங்கும். கொஞ்ச நேரத்தில் அந்தப் புகை குருணையாக உடையும். குருணைகள் ஒன்றையொன்று பிடித்து ஊறிய அவல் அளவுக்குத் திரளும். துடுப்பை நிறுத்தியதும் பெரியவை முதலில் இறங்கும், சிறியவை தயங்கித் தயங்கிப் பின்தொடரும். லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் பாலிமர் சேர்த்தால் திரள் பருத்து விரைந்து இறங்கும். அளவு கூடினால் நூல் நூலாக வழுவழுத்து மிதக்கும். அரை மணி கழித்து ஒவ்வொரு குவளையின் மேல்நீரையும் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

இங்கே கண்ணை நம்பலாகாது. பளிங்கு போன்ற மேல்நீரிலும் கரைந்த உலோகம் மிச்சம் இருக்கலாம். ஆறிணைதிறன் குரோமியம் இருந்தால் டைஃபீனைல் கார்பசைடு சேர்த்ததும் நீர் செவ்வூதாவாக மாறிக் காட்டிக்கொடுக்கும். மொத்தக் குரோமியத்தை அணு உட்கவர் நிறமாலைமானியில் அளக்கலாம்.

5.2 மீட்புத் தொட்டி

தொழிற்சாலையில் நடப்பது இதன் பெரிய வடிவம். குரோமியக் கழிவுநீர் மட்டும் தனிக் குழாய் வழியே சேகரிப்புத் தொட்டிக்கு வருகிறது. சல்லடை நாரைப் பிடிக்கிறது. கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது, நீரில் குழைத்த மக்னீசியம் ஆக்சைடைச் சிறுகச் சிறுக ஊற்றுகிறார்கள். நீலப்பச்சை வெளிறிச் சாம்பல் பச்சையாகிறது. பி.எச். தாள் 8.5-ஐக் காட்டியதும் கலக்கியை நிறுத்திவிட்டு இரவு முழுக்க விட்டுவிடுகிறார்கள்.

காலையில் மேல்நீர் நிறமற்று நிற்கும். தொட்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக அமைந்த வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து அதை இறுக்க வேண்டும். மூன்றாவது வால்வில் பச்சை கலங்கினால் அங்கேயே மூடிவிட வேண்டும். அவசரப்பட்டால் இரவெல்லாம் சேர்ந்த குரோமியம் வடிகாலோடு போய்விடும். அடியில் மிஞ்சிய குழம்பில் கந்தக அமிலத்தை மெதுவாக விட்டுக் கலக்கினால் சூடேறி, குழம்பு கரைந்து, பழையபடி அடர்ந்த பச்சைக் கரைசல் திரும்பிவிடும். அது மறுபடியும் காரக் குரோமியம் சல்பேட், அதாவது தோலைப் பதனிட டிரம்மில் போட்ட அதே உப்பு. புதிய உப்போடு கலந்து அடுத்த டிரம்மில் ஊற்றலாம்.

6. வீழ்படிவைத் தடுப்பவை

கணக்குப்படி காரம் போட்டும் உலோகம் இறங்காமல் போவதுண்டு. பெரும்பாலும் காரணம் அணைவுச் சேர்மங்கள். உலோக அயனியை வேறொரு மூலக்கூறு நண்டுபோலக் கவ்விக்கொண்டால் ஹைட்ராக்சைடு அதை நெருங்க முடியாது. மின்முலாமில் சயனைடு, அம்மோனியா, சிட்ரேட் ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. அங்கே சயனைடை முதலில் காரநிலையில் ஹைப்போகுளோரைட்டால் சிதைத்துவிட்டே உலோகத்தை வீழ்த்த வேண்டும்.

தோல் தொழிலில் குரோமியம் சீராக ஊடுருவ ஃபார்மேட் போன்ற கரிம அமில உப்புகளைச் சேர்ப்பதுண்டு. தோலிலிருந்து கரையும் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. தனி ஓடையில் இவற்றின் அளவு குறைவு. எல்லா நீரும் கலந்த ஓடையில் மறுபதனிடு சாயங்களும், தாவரப் பதனிகளும், எண்ணெய்களும் சேர்ந்துகொண்டு குரோமியத்தை அரைகுறையாகப் பிடித்துவைக்கின்றன. கலந்த பிறகு வீழ்த்துவது வேதியியலிலும் கடினம் என்பதற்கு இது இன்னொரு சான்று.

7. ஒரு டன் தோலின் கணக்கு

மேற்கண்டவற்றை ஓர் எளிய பொருள்சமன்பாட்டில் வைத்துப் பார்ப்போம். சுண்ணாம்பிட்டுச் சதை நீக்கிய தோல் ஒரு டன் என்று கொள்வோம். அதன் எடையில் 8 சதவீதம், அதாவது 80 கிலோ காரக் குரோமியம் சல்பேட் டிரம்மில் போடப்படுகிறது. அதில் 25 சதவீதம் குரோமியம் ஆக்சைடு என்றால் 20 கிலோ. தூய குரோமியமாகக் கணக்கிட்டால் 13.7 கிலோ. வழக்கமான முறையில் தோல் 60 முதல் 70 சதவீதத்தை உறிஞ்சும். 65 சதவீதம் என்று வைத்தால் 4.8 கிலோ குரோமியம் நீரிலேயே தங்குகிறது.

அந்த 4.8 கிலோவுக்கு இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழியில் அது 1,500 லிட்டர் தனி ஓடையாகப் போகிறது. செறிவு லிட்டருக்கு 3,200 மில்லிகிராம். கணிதப்படி 3.7 கிலோ மக்னீசியம் ஆக்சைடு வேண்டும். நீரிலுள்ள தனி அமிலத்துக்காக நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும். ஓர் இரவில் ஏறத்தாழ 150 லிட்டர்க் குழம்பாக இறங்குகிறது. அமிலத்தில் கரைத்தால் 28 கிலோ காரக் குரோமியம் சல்பேட்டுக்கு நிகரான கரைசல். போட்ட 80 கிலோவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

இரண்டாவது வழியில் அதே 4.8 கிலோ, ஊறவைத்த நீர், சுண்ணாம்பு நீர், கழுவிய நீர் எல்லாவற்றோடும் கலக்கிறது. மொத்தம் 30,000 லிட்டர் என்று கொண்டால் செறிவு 160 மில்லிகிராம். இப்போது வீழ்த்த வேண்டிய நீர் இருபது மடங்கு. வீழ்படிவில் குரோமியத்தோடு ஜிப்சமும் புரதமும் கொழுப்பும் மண்ணும் இருக்கின்றன. கந்தக அமிலம் ஊற்றினாலும் அதிலிருந்து டிரம்முக்கு உகந்த கரைசல் கிடைக்காது. 28 கிலோ மூலப்பொருள் எவருக்கும் வேண்டாத சேற்றுக்குள் புதைந்துவிட்டது.

இரண்டு வழியிலும் நடப்பது ஒரே வினைதான். குரோமியம் ஹைட்ராக்சைடாக இறங்குகிறது. வேறுபாட்டை உண்டாக்கியது டிரம்முக்குக் கீழே போட்ட, அல்லது போடாமல் விட்ட, ஒரு தனிக் குழாய்.

8. சேற்றின் கதி

கலந்த நீரின் சேறு தொட்டியடியில் படியும்போது அதில் திண்மம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே, மிச்சம் நீர். அழுத்த வடிகட்டியில் பிழிந்தால் 30 சதவீதத்தை ஒட்டி வரும். உலர்களத்தில் காயவைப்பதும் உண்டு. பிறகு அது அபாயக் கழிவு. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்டு, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பாதுகாப்பான நிரப்பிடத்துக்குப் போக வேண்டும். ஏற்றுக்கூலியும் இடக்கூலியும் தொழிற்சாலையைச் சேரும். அதைத் தவிர்க்க வளாகத்திலேயே தேக்கிவைக்கும் ஆசை எழுகிறது.

அந்த ஆசையின் விலையை 2015 ஜனவரி 31 காட்டியது. ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் நள்ளிரவுக்குப் பின் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் சிக்கி உயிரிழந்தனர். வீழ்படிவு என்பது பாடநூலில் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறியோடு முடிந்துவிடும். மெய்யான உலகில் அந்த அம்புக்குறிக்குக் கீழே ஓர் இடம் இருக்கிறது, அந்த இடத்தின் அருகே மனிதர்கள் வாழ்கிறார்கள்.

சேற்றை எரித்துவிடலாம் என்பது இன்னொரு தவறான எண்ணம். சுண்ணாம்பு கலந்த குரோமியச் சேற்றைக் காற்றில் சூடாக்கினால் மூவிணைதிறன் குரோமியம் ஆக்சிஜனேற்றம் அடைந்து குரோமேட்டாக மாறும். நஞ்சு குறைந்ததை நஞ்சு மிகுந்ததாக்கும் வேலை அது. மண்ணில் விட்டாலும் மாங்கனீசு ஆக்சைடுகள் அதே மாற்றத்தைச் சிறிய அளவில் செய்ய வல்லவை.

9. வரம்புகள்

வீழ்படிவாக்கல் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. காரம் சேர்த்து உலோகத்தை இறக்கும்போது அதோடு இருந்த சல்பேட் நீரிலேயே நிற்கிறது. மக்னீசியம் ஆக்சைடு என்றால் மக்னீசியம் சல்பேட், எரிசோடா என்றால் சோடியம் சல்பேட். உலோகம் போகிறது, உப்பு போவதில்லை. பச்சைத்தோலின் உப்பும் இதோடு சேர, பாலாற்றுப் படுகைக் கிணறுகளின் உவர்ப்பை வீழ்படிவாக்கலால் தீர்க்க முடியாது. அதற்காகவே எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் கொண்ட கழிவுநீர் வெளியேற்றா அமைப்புகள் இங்கே வந்தன. அவையும் கடைசியில் உப்புக் குவியலையே தருகின்றன. மீட்புத் தொட்டியின் மேல்நீரை, உப்பு ஏற்கனவே தேவைப்படும் அமிலமேற்றும் கட்டத்தில் திரும்பப் பயன்படுத்துவது இச்சுமையைச் சற்றுக் குறைக்கும்.

இன்னும் முந்தைய படியில் தீர்வு தேடுவதே சிறந்தது. டிரம்மிலேயே தோல் 90 சதவீதத்துக்கு மேல் குரோமியத்தை உறிஞ்சினால் வீழ்த்த வேண்டியது வெகுவாகக் குறையும். உறிஞ்சலைக் கூட்டும் உத்திகளும், நீரில்லாக் குரோமியப் பதனிடல் என்று மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறையும் அந்தத் திசையில் நடப்பவை.

10. முடிவுரை

ஆய்விலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு:

அ) கரைந்த உலோகத்தை நீக்குவதில் பி.எச். மேலாண்மையே மையம். குரோமியத்துக்கு அது பி.எச். 8.5-ஐ ஒட்டிய பள்ளத்தில் நிற்பது. ஆறிணைதிறன் குரோமியம் இருந்தால் அதற்குமுன் ஒடுக்கம் கட்டாயம்.

ஆ) குரோமியப் பதனிடு நீருக்கு மக்னீசியம் ஆக்சைடு மிகப் பொருத்தமானது. பி.எச். எல்லை மீறாமை, இறுகிய படிவு, கலப்பற்ற மீட்பு ஆகிய மூன்றும் அதன் காரணங்கள்.

இ) வீழ்படிவின் மதிப்பு, வீழ்த்துமுன் ஓடைகளைப் பிரித்தோமா என்பதில் இருக்கிறது. பிரித்தால் ஒரு டன் தோலுக்கு 28 கிலோ மூலப்பொருள், கலந்தால் நூற்றாண்டுகளுக்குக் காவல் காக்க வேண்டிய சேறு.

ஈ) ஓடைகளைப் பிரிப்பது தொழிலாளரின் உயிர்க் காப்பும் ஆகும்.

இவற்றில் எதற்கும் புதிய அறிவியல் தேவையில்லை. கரைதிறன் பெருக்கம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது, மீட்புத் தொட்டியின் முறை பல பத்தாண்டுகளாகக் கையில் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. ஒரு தோல் தொழிற்சாலையின் சுத்திகரிப்பைப் பார்வையிடச் செல்பவர் கடைசித் தொட்டியின் தெளிந்த நீரைக் கண்டு திரும்பிவிடக் கூடாது. டிரம் கூடத்துக்குள் போய், குரோமிய டிரம்மின் அடியில் குனிந்து, அங்கிருந்து புறப்படும் பச்சை நீர் தனிக் குழாயில் போகிறதா, பொது வடிகாலில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.